இலைமேல் விரித்த கை

சென்ற ஞாயிற்றுக்கிழமை, நம் வியாபாரிகள் சங்கம் நடத்திய தீபாவளி இட்லிப் போட்டியில், பட்டினப்பாக்கம் ரங்கன் தொண்டை அடைத்து இறந்துபோனார். அவருக்காகத்தான் தியாகராய நகரில் இந்த மண்டபத்தில் கூடியிருக்கிறோம்.

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் கருணாகரன் அவர்களே, கடைக்கார நண்பர்களே, பட்டினப்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் மீனவப் பெருமக்களே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் தங்கை தேசம்மா அவர்களே! வணக்கம்.

"இட்லிச் சக்கரவர்த்தி" என்று ரங்கனுக்கு நாம்தானே பட்டம் சூட்டினோம்? அறுபத்தெட்டாம் ஆண்டில் முதல் போட்டிக்கு வந்தபோது விலா எலும்பு தெரிய நின்றார். கூட்டம் சிரித்தது.

"இன்னாபா, காத்தடிச்சா பறந்துடுவே, நீயா துண்ணப்போறே?" என்றார் எதிர்ப்போட்டிக்கு வந்த ரிக்‌ஷாக்காரர் வலியுல்லா.

"நைனா, கட்டுமரமும் ஒல்லியாத்தான் கீது. பாரம் ஏத்திப் பாரு!" என்றார் ரங்கன்.

அன்று வென்றார். அதன்பின் ஆண்டுதோறும் வென்றார்! ஜவுளி எடுக்க வந்த கூட்டம் அவரைப் பார்க்க நின்றது. அவரைப் பார்க்க நின்ற கூட்டம் கடைக்குள் நுழைந்தது. நான் துணி விற்பவன், உள்ளதைச் சொல்கிறேன்: அவர் வயிற்றால் நம் கல்லாப்பெட்டி நிறைந்தது.

பரிசு அரிசி மூட்டையை அவர் என்ன செய்தார்? குப்பத்துக் குடிசைகளை அலை அடித்துப்போன ஆண்டு, மணலிலேயே மூட்டையைப் பிரித்து வீடு வீடாக அளந்து கொடுத்தார். அத்தனை சாப்பிடும் மனிதர் வீட்டில் எவ்வளவு சாப்பிடுவார் என்று தேசம்மாவிடம் கேட்டேன்.

"ஊட்ல அரை வவுறுதான், அண்ணாச்சி. புள்ளைங்க துண்ணட்டும்னு எய்ந்துடுவாரு. வருசத்துல ஒரு நாளு, உங்க பந்தல்லதான் அவருக்கு வவுறு ரொம்பும்."

அதைக் கேட்டபின் அவரை எந்த வாயால் சக்கரவர்த்தி என்பேன்?

பந்தியில் போதுமென்றால் இலைமேல் கையை விரித்து மறைப்போம். குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஓர் ஆண்டு ஒருவர் கையை விரித்துவிட்டு, "ஈ ஓட்டினேன்" என்று வம்புக்கு நின்றார். அன்றிலிருந்து விதி வைத்தோம்: கை கணக்கில்லை, "போதும்" என்று வாயால் சொன்னால்தான் தோல்வி. எழுந்தாலும் தோல்வி.

ஞாயிற்றுக்கிழமை ரங்கன் இலைமேல் கையை விரித்தார்.

"வாயால சொல்லு ரங்கா!" என்றார் நடுவர்.

தொண்டை அடைத்தவர் எப்படிச் சொல்வார்? விரித்த கையின் மேலேயே இட்லி வைத்தார்கள்! கூட்டம் கைதட்டியது! பக்கத்து இலையிலிருந்த வலியுல்லாதான், "யோவ், மூச்சு நின்னுபோச்சுய்யா!" என்று அலறி எழுந்து அவரைத் தாங்கிப் பிடித்தார். வலியுல்லா எழுந்துவிட்டாராம். ஒலிபெருக்கியில் என்ன அறிவித்தார்கள் தெரியுமா? "ரங்கன் வெற்றி!"

ஐயோ, என்ன வெற்றி! எத்தனை பேர் நின்றோம் அங்கே! ஒருவருக்காவது அந்தக் கை புரிந்ததா?

அடுத்த ஆண்டு முதல் ரங்கன் நினைவுக் கோப்பை என்று போட்டியைத் தொடரலாம் என்கிறார்கள் சங்கத்தில் சிலர். மறைந்தவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த மாதிரி மேடையில் சூளுரைப்பது வழக்கம். எதைத் தொடர்வது? பசித்தவரை உட்காரவைத்து வேடிக்கை பார்ப்பதையா? இன்று காலை தேசம்மாவிடமே கேட்டேன்.

"அவரு பேர்ல கோப்பையா? வோணாம் அண்ணாச்சி. அந்தப் பேரு எனுக்கு வோணும். உங்களுக்கு இன்னாத்துக்கு?"

தலைவரிடம் போய் வாதாடினேன். அரைமனதோடு இறங்கி வந்தார். பேசி முடித்ததை மட்டும் சபையறியச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். போட்டி இனி எந்தப் பெயரிலும் கிடையாது. ரங்கன் படம் எந்தக் கடை விளம்பரத்திலும் வராது. மந்தைவெளியில் எனக்குள்ள சிறு கடையில் தேசம்மா மீன் விற்பார். இனாமாக வேண்டாம் என்றுவிட்டார். வாடகை மாதம் பத்து ரூபாய், முன்பணம் இல்லை.