வெளியே நானூத்தி எண்பத்தெட்டு

இந்த ஸ்டேஷன் ரூம்ல காத்து சரியில்ல, மேடம். குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. மேல அந்தக் கம்பிவலை இருக்கு பாருங்க, அதுல தூசி திரிதிரியா தொங்குது. மூணு பேர் முக்கால் மணி நேரமா இதுக்குள்ளேயே மூச்சு விட்டுக்கிட்டிருக்கோம். உங்க ஜூனியர் ரெண்டு தடவை கொட்டாவி விட்டுட்டாரு. என் பேச்சு சலிப்பா இருக்குன்னு மட்டும் இல்ல அது. யாரையாவது வெச்சு அந்த வலையைக் கழட்டிக் கழுவச் சொல்லுங்க, பத்து நிமிஷ வேலை.

ராஸ் ஹாடோ செத்ததுக்கு நான் காரணமான்னு கேட்டீங்க. வரிசையா சொல்றேன். பாதியில நிறுத்தினா எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

முப்பத்தோரு வருஷம் மெல்போர்ன்ல எனக்கு இதுதான் வேலை. ஆபீஸ் கட்டடங்கள்ல காத்துக் குழாய் சுத்தம் பண்ணுவேன், ஃபில்டர் மாத்துவேன், சுவருக்குள்ள எங்க பூஞ்சை பிடிச்சிருக்குன்னு மோந்தே சொல்லுவேன். நல்ல காத்துக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க. தலைவலி வந்தாத்தான் என் பேரு ஞாபகம் வரும். ரிட்டயர் ஆனதும் என் சம்சாரம் ஈனிட் பிறந்த ஊரு டாலங்காவுக்கு வந்தோம். ஆறு வருஷம் முன்னாடி அவ போயிட்டா. பொண்ணு பெர்த்ல இருக்கா, கிறிஸ்மஸுக்கு ஃபோன் பண்ணுவா.

கடைக்குத் தினம் போவேன். ஒரு நாள் பால், ஒரு நாள் ரொட்டி, ஒரு நாள் தீப்பெட்டி. கடைக்காரி ஒரு தடவை, "மொத்தமா வாங்கிட்டுப் போயேன் நெவில், எதுக்கு இப்படி அலையிறே"ன்னா. நல்ல எண்ணத்துலதான் சொன்னா. அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் போனேன். போகாத நாள்ல சாயங்காலம் ஆகிறதுக்குள்ள என் குரலே எனக்கு மறந்துபோயிடும். சும்மாவாவது ஏதாவது சொல்லிப் பார்ப்பேன். அனுதாபத்துக்காகச் சொல்லல. ஏன்னு கேட்டீங்க, அதான் சொல்றேன்.

ஊர் ஹாலைப் பார்த்துக்கிற பொறுப்பு என்கிட்ட இருந்துச்சு. யாரும் கேட்டு வாங்காத பொறுப்பு. போன ரெண்டு கோடையில புகை வந்து ஊரே இருமினதைப் பார்த்துட்டு, நானே ஹாலைச் சரி பண்ணினேன். கதவு இடுக்குல ரப்பர், பலகைச் சுவர்ல இருந்த சந்துக்கெல்லாம் பசை, பின்பக்கம் ஒரு பெரிய ஃபேன், அதுக்கு முன்னாடி நாலு ஃபில்டர். வெளிக்காத்தை வடிகட்டி உள்ளே தள்ளிக்கிட்டே இருக்கும். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூட இருந்தா புகை நுழையாது. ஜன்னல்ல அலுமினியத் தாள் ஒட்டினேன், வெயிலுக்கு. அது எங்க ஊர்ல ஜனவரிக் கோடையில எல்லாரும் பண்றதுதான். அப்ப ஆல்ஃப் பெட்ரெட்டி வந்து பார்த்துட்டு, "என்னடா நெவில், விண்வெளிக்குப் போறியா? டிக்கெட் எவ்வளவு?"ன்னு கேட்டான். சிரிச்சுட்டுப் போங்கடான்னு விட்டுட்டேன்.

இந்த ஜனவரியில யாரும் சிரிக்கல. சனிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் தீ பிடிச்சுது. செல் டவர் எரிஞ்சுபோச்சு, கரண்ட் போச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எதிர்வீடு தெரியல. என் மீட்டர், காத்துல இருக்கிற நுண்தூசியை அளக்கிறது, இருபத்தஞ்சுக்குள்ள இருந்தா நல்லது. அன்னிக்கு அறுநூத்தி நாப்பது காட்டுச்சு. சாயங்காலத்துக்குள்ள ஒன்பது பேர் ஹாலுக்கு வந்துட்டாங்க. ரெண்டு வயசுக் குழந்தை ஒண்ணு, நுரையீரல் போன பெரியவர் ஒருத்தர், ஆல்ஃப், அப்புறம் கோரல் ஹாடோ. கோரலுக்கு ஆஸ்துமா. அவ புருஷன் ராஸ்தான் காரைக் கொண்டாந்து இறக்கிவிட்டான். அவங்க பண்ணை ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, மாடுங்களை விட்டுட்டு அவன் வரமாட்டேன்னுட்டான்.

"புகை விட்டதும் ஒரு எட்டு வந்து என்னைப் பாரு"ன்னான் அவகிட்ட.

"விட்ட அடுத்த நிமிஷம் வந்து நிப்பேன். சட்டையாவது மாத்து, நாறுது"ன்னா அவ.

நான் அப்ப பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன். அதை மறைக்கப் போறதில்ல.

ஹாலுக்கு நான் வெச்ச சட்டம் ஒண்ணுதான். கதவைத் திறக்கிறவன் நான் ஒருத்தன் மட்டும். ஒரு தடவை திறந்தா உள்ளே ஆறா இருக்கிறது நாப்பதுக்கு ஏறும், இறங்க ஒரு மணி நேரம் ஆகும். நானே ஒரு நாளைக்கு மூணு தடவை வெளியே போய் ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊத்திட்டு, மீட்டரைப் பார்த்துட்டு வந்து, கரும்பலகையில ரெண்டு நம்பர் எழுதுவேன். வெளியே இவ்வளவு, உள்ளே இவ்வளவு. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ரேடியோல பெரிய ஊருங்களைப் பத்தித்தான் சொன்னாங்க, டாலங்காவுக்கு என் பலகைதான்.

அந்த மூணு நாளை உங்களுக்கு எப்படிச் சொல்றது. நான் உள்ளே நுழைஞ்சா ஒன்பது தலையும் திரும்பும். குழந்தை என் மீட்டரைப் பார்த்து "நம்பர், நம்பர்"னு கையை நீட்டும். ராத்திரி சீட்டு ஆடினோம். ஆல்ஃப் என்னைக் கூட்டாளியா சேர்த்துக்கிட்டு, "இவனுக்குச் சிரிக்கத் தெரியும்னு இத்தனை வருஷமா ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல"ன்னான். கோரல் டீ போடுவா. முதல் தடவை எனக்கு எத்தனை சர்க்கரைன்னு கேட்டா. ரெண்டுன்னேன். அதுக்கப்புறம் கேட்கவே இல்ல, அவளே போட்டுக் கொடுத்தா. ஈனிட் போனதுக்கப்புறம் யாரும் எனக்கு டீ போட்டதில்ல, மேடம். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஊரைச் சுத்தித் தீ எரியும்போது ஒருத்தன் சந்தோஷமா இருக்கலாமான்னா, இருந்தேன்.

செவ்வாய் ராத்திரி காத்து திரும்பிடுச்சு. புதன்கிழமை காலையில வெளியே வந்தா வானம் நீலமா இருக்கு. மலை தெரியுது. மீட்டர்ல ஒன்பது. தப்பா இருக்கும்னு தட்டிப் பார்த்தேன், ஒன்பதுதான். படியில உட்கார்ந்துட்டேன். இனிமே அவங்க கிளம்பிடுவாங்க, தட்டைக் கழுவி வெச்சுட்டு, "ரொம்ப தேங்க்ஸ் நெவில்"னு சொல்லிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிடுவாங்க. நான் ஹாலைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போகணும்.

அப்பதான் தீயணைப்புப் படைப் பொண்ணு டீகன் வண்டியை நிறுத்தினா. உங்ககிட்ட அவ சொன்னது சரிதான். "ரோட்டுல விழுந்த மரத்தை வெட்டியாச்சு நெவில், காத்தும் சுத்தமாயிடுச்சு, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிடுங்க. நான் மேல் ரோட்டுக்குப் போறேன், நேரமில்ல"ன்னா. சரிம்மா, சொல்லிடறேன்னேன். அப்ப சொல்லத்தான் நினைச்சேன்.

கதவுகிட்ட போனப்ப, என் சட்டையில புகை வாசனை இல்லைங்கிறது ஞாபகம் வந்துச்சு. ஆல்ஃபோட மூக்கு ரொம்பக் கூர்மை. ஹால் ஓரமா ஒரு மரக்கட்டை இன்னும் புகைஞ்சுக்கிட்டிருந்துச்சு. அது பக்கத்துல ரெண்டு நிமிஷம் நின்னேன். உள்ளே போய் வெளியே நானூத்தி எண்பத்தெட்டுன்னு எழுதினேன். உள்ளே ஆறு. அந்த ஆறு உண்மை. ஜன்னல்ல தாள் ஒட்டியிருக்கு, வானம் யாருக்கும் தெரியாது. வெளியே மேக்பை பறவைங்க கத்த ஆரம்பிச்சிருந்துச்சு, அது உள்ளே கேட்காம இருக்க ஃபேனை ஒரு சுத்து கூட்டி வெச்சேன். ஃபில்டர் அடைச்சிருக்குன்னு சொன்னேன்.

ஒரு நாள்தான்னு நினைச்சேன். ஒரு நாள்ல யாருக்கு என்ன ஆயிடப்போகுது.

அன்னிக்குச் சாயங்காலம் கோரல் என்கிட்ட வந்தா. "நெவில், மனசே சரியில்லப்பா. மூக்குல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டு ஒரு நடை போய் ராஸைப் பார்த்துட்டு வந்துடட்டுமா?"

"நானூத்திச் சொச்சத்துல உன் நெஞ்சு தாங்காது, கோரல். பாதி வழியில விழுந்துடுவே"ன்னேன். மருத்துவப்படி அது சரியான பேச்சு. நானூறா இருந்தா விழுந்துதான் இருப்பா.

ஆல்ஃப், "நான் போறேன், எனக்கு என்ன, சிகரெட் புகையில ஊறின உடம்பு"ன்னான். நான் யாரையும் வற்புறுத்தல. கதவைத் திறந்தா குழந்தைக்கும் பெரியவருக்கும் என்ன ஆகும்னு எடுத்துச் சொன்னேன். அப்புறம் கை தூக்கிச் சொல்லுங்கன்னேன். அதுதான் நியாயம். யாரும் போகவேண்டாம்ங்கிறதுக்கு ஏழு கை தூக்குச்சு. கோரல் குழந்தையையே பார்த்துக்கிட்டிருந்தா. கடைசியில அவளும் தூக்கினா. "ராஸ் முரட்டு ஆளு, அவனுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு அவளே சொல்லிக்கிட்டா. ஆல்ஃப் உட்கார்ந்துட்டான்.

ராஸ் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விழுந்திருக்கான்னு டாக்டர் சொன்னதா சொன்னீங்க. கூரையில விழுந்த சாம்பல் குடிதண்ணித் தொட்டிக்குள்ள போகாம இருக்க, கூரையிலேர்ந்து மழைத்தண்ணி இறங்குற குழாயைக் கழட்ட ஏணியில ஏறியிருக்கான். நாங்க எல்லாரும் பண்றதுதான். இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்கு. தண்ணி பிடிக்கிற தொட்டிக்குழாய்க்கு நாலடி தள்ளிக் கிடந்திருக்கான். வியாழக்கிழமை ராத்திரிதான் உயிர் போச்சுன்னு சொன்னீங்க. நான் மறுக்கல. புதன்கிழமை காலையில நான் ஒன்பதுன்னு எழுதியிருந்தா, பத்தரை மணிக்குள்ள கோரல் அங்கே போயிருப்பா.

வெள்ளிக்கிழமை விடியும்போது மழை. தகரக் கூரையில மழை விழுந்தா அதுக்கு மேல நான் என்னத்தை எழுத. கதவைத் திறந்தேன். கோரல் எல்லாருக்கும் முன்னாடி ஓடினா. ஆல்ஃப்தான் வண்டி ஓட்டினான். போறப்ப கோரல் என் கையைப் பிடிச்சு, "எங்க எல்லாரையும் காப்பாத்திட்டே, நெவில்"னா. சாவு வீட்டுலயும் அதையேதான் சொன்னா. டீகன் உங்ககிட்ட வாயைத் திறக்கலைன்னா இன்னிக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருப்பா.

நீங்க கேட்காத ஒண்ணு பாக்கி இருக்கு. கேட்கலையேன்னு விட்டுடலாம்னுதான் வந்தேன். ஆனா இன்னிக்கு என்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டீங்க போல இருக்கு, அதனால சொல்லித்தான் ஆகணும்.

வியாழக்கிழமை காலையில வெளிக்கதவுல பிராண்டுற சத்தம் கேட்டுச்சு. போய்ப் பார்த்தா ஃபெர்ன். ராஸோட நாய். அவன் எங்க போனாலும் வண்டியில பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு வரும், அவனை விட்டு நகராது. சூடான தரையில ஒன்பது கிலோமீட்டர் ஓடி வந்து நாலு பாதமும் வெந்துபோயிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் ரோட்டுப் பக்கம் பத்தடி ஓடும், திரும்பிப் பார்க்கும், மறுபடி வந்து என் கால்சட்டையைப் பிடிச்சு இழுக்கும்.

அது என்ன சொல்லுதுன்னு எனக்குப் புரிஞ்சுது, மேடம். புரியலைன்னு இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். தாகத்துல வந்திருக்கு, ராஸ் திட்டியிருப்பான்னு. அவ்வளவு தூரம் ஓடி வந்த நாயைப் பார்த்தா வெளியே புகை இல்லைன்னு உள்ளே தெரிஞ்சுடும், அதுதான் அப்ப எனக்குக் கவலையா இருந்துச்சு. தண்ணி கொடுத்தேன். தூக்கிக்கிட்டுப் போய் என் வீட்டுல வெச்சுக் கதவைச் சாத்தினேன். அந்த நேரத்துல ராஸுக்கு உயிர் இருந்திருக்கு.

திரும்பி வந்தேன். "கதவுகிட்ட யாரு?"ன்னு கோரல் கேட்டா. கிளை உரசுதுன்னேன். "உட்காரு, டீ ஆறிடும்"னு கோப்பையைத் தள்ளி வெச்சா. ரெண்டு சர்க்கரை. முழுசா குடிச்சுட்டு எழுந்து போய் முன்னூத்தி எழுபத்தொண்ணுன்னு எழுதினேன்.

ஃபெர்ன் தீயில போயிடுச்சுன்னு கோரல் நினைச்சுக்கிட்டிருக்கா. நாலு மாசமா அது என் வீட்டுலதான் இருக்கு. யாரும் பார்க்கல. என் வீட்டுக்கு யாரு வர்றாங்க. பாதம் ஆறிடுச்சு, மருந்து நானே போட்டேன். குரைக்கிறதை விட்டுடுச்சு. அறையில நல்ல ஃபில்டர் வெச்சிருக்கேன், நுண்தூசி நாலுக்கு மேல ஏறினதே இல்ல. பகல் முழுக்க கதவுக்கு நேரா படுத்திருக்கும். ராத்திரி நான் பேசினா காதை மட்டும் அசைக்கும். அது என்கிட்ட நல்லாத்தான் இருக்கு, நான் நல்லாத்தான் பார்த்துக்கிறேன்.

சாவி இது. ஆறு மணிக்கு அதுக்குச் சாப்பாடு வைக்கணும், யாரையாவது அனுப்புங்க. உள்ளே போனதும் கதவை உடனே சாத்திடச் சொல்லுங்க. காத்துக்காகச் சொல்லல. திறந்திருந்தா அது கோரல் வீட்டுக்குப் போயிடும்.