எங்கள் தெருவில் யாருமே பார்க்கவில்லையாம்!

நாரின் நகரக் கலாமன்றத்தின் தலைமை நாற்காலியில், தலையில் கல்பாக்குத் தொப்பியும் முகத்தில் கவலையுமாக வீற்றிருக்கும் எசென்காலி அண்ணன் அவர்களே! வெள்ளை முண்டாசு கட்டி முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! தாடியைத் தடவியபடி 'இவள் சீக்கிரம் முடிப்பாளா' என்று பார்க்கும் பெரியோர்களே! வாய் நிறையப் பூர்சோக்குப் பணியாரத்தை அடக்கிக்கொண்டே கைதட்டத் தெரிந்த வாலிபர்களே! 'ஆட்டுக்கு மருந்து விற்கிற ஜூராகானுக்கு மேடை எதற்கு?' என்று மூலையில் முணுமுணுக்கும் முகங்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இரங்கல் கூட்டம் என்று அழைத்தார்கள், வந்தேன். சாவு வீட்டுக்கு வருகிற வழக்கப்படி, தெருமுனையிலிருந்தே ஓலமிட்டுக்கொண்டு வந்தவர்களையும் பார்த்தேன். கேட்கிறேன்: யார் செத்தது? எங்கே பிணம்? 'பனிக்கணவாய்' செத்துவிட்டதா? நம் மொழியில், நம் மண்ணில், நம் மக்களின் மூச்சும் முனகலுமாய் எழுதப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பாதியில் நிறுத்தியவர்கள், நம்மையே குழியும் வெட்டச் சொன்னால் வெட்டிவிடுவோமா? வெட்ட மாட்டோம்!

அந்தத் தொடரில் மலையுச்சியில் டீக்கடை நடத்தும் ஆய்ம்கானை மறக்க முடியுமா? மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய், பெண்டாட்டி ஒருத்தி இருப்பதையே மறந்துபோன அவள் கணவன், பல வருடம் கழித்துக் கொட்டுகிற பனியில் வந்து கதவைத் தட்டுகிறான். "குளிருதுடி, திற" என்கிறான். அவள் என்ன சொன்னாள்? ஆகா, கூரை அதிர்கிறது! அதேதான்: "எனக்குந்தான் குளிருச்சு. அப்ப நீ எங்க இருந்த?" அழுது புரளாமல், அடித்தொண்டையில் கத்தாமல், ஒரு பெண் பேசிய பேச்சு! அதை எழுதிய கைக்கு என் முத்தம். அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மறுவாரம் அதே நேரத்தில் பாட்டுப் போட்டியாம், பளபளச் சட்டையாம், பல்லிளிப்பாம்!

விடுவோமா? நானும் பக்கத்து வீட்டு இஸ்மான்குலும் தலைநகர் பிஷ்கெக்குக்கே போனோம். தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு தம்பி. நல்ல பிள்ளை, டீயெல்லாம் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க தெருவுல அத யாருமே பார்க்கல."

யாருமே பார்க்கவில்லையாம்! ஆய்ம்கானுக்குக் காய்ச்சல் வந்த அன்று மாட்டில் பால் கறக்க மறந்த தெருவைப் பார்த்து, யாருமே பார்க்கவில்லையாம்! "உனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்றேன். ஊருக்கு ஊர் சில வீடுகளில் டிவியோடு ஒரு பெட்டியைப் பொருத்தியிருக்கிறார்களாம். எந்த நேரத்தில் எது ஓடுகிறது என்று அது சொல்லிவிடுமாம். நம் தெருவில் அந்தப் பெட்டி இருப்பது யார் வீட்டில்? இஸ்மான்குல் வீட்டில்! அந்த நேரத்தில் இஸ்மான்குல் இருந்தது எங்கே? என் வீட்டில்!

சிரிக்காதீர்கள். நானும் அங்கேயே அவரைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்யா, டிவியப் போட்டுட்டு வந்து தொலைஞ்சா என்ன?" என்றேன். அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆளில்லாத வீட்டுல டிவி ஓடினா யாரு பார்ப்பா, பூனையா? தனியா உக்காந்து அழச் சொல்றியா? நம்ம ஊருல எவன் தனியா அழுதிருக்கான்?"

மக்களே, அவர் சொன்னதில் என்ன தப்பு? சாவென்றாலும் கூடுகிறோம், சம்பந்தமென்றாலும் கூடுகிறோம்; நல்ல கதைக்கு மட்டும் கூடக் கூடாதா? தெருவே தன் டிவியை அணைத்துவிட்டு என் வீட்டுக் கம்பளத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்தது. கூடிப் பார்த்தோம், கூடி அழுதோம், ஆய்ம்கான் செய்தது சரியா என்று கூடிச் சண்டையும் போட்டோம். அந்தப் பெட்டிக்கு நாம் வெறும் இருட்டு! "இனிமே அவங்கவங்க வீட்டுல தனித்தனியா பாருங்கக்கா" என்று யோசனை வேறு சொல்லி அனுப்பினான் தம்பி.

தனித்தனியாகவா? எங்கள் தெருவில் ஒரு மருமகள் இருக்கிறாள். பெயர் வேண்டாம். மாமியார் முன் குரல் உயர்த்த மாட்டாள், மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள், நம் வீட்டு மருமகள்கள் எல்லோரையும் போல. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவள் வாசல் தாண்டுவாள். தொடர் நின்றதும், ஈஸ்ட் கேட்கிற சாக்கில் வந்து நின்றாள். "அக்கா, இனிமே இங்க வர்றதுக்கு வீட்டுல என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டாள். ஈஸ்டைக் கொடுத்து அனுப்பினேன். அன்று ஆத்திரத்தில் அழுதேன்.

யார் அது எழுந்திருப்பது? உல்கான் அத்தையா? சத்தம் போடாதீர்கள், அத்தை பேசட்டும். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. சொல்லச் சொல்ல ஒலிபெருக்கியில் அப்படியே சொல்கிறேன். "என் மருமக கனிஷாயத்தானே சொல்ற? பேரச் சொல்லேன், என்ன பயம்? எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. அந்த நாடகத்த நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல. அவ பார்த்துட்டு வந்து சொல்லுவா. ஆய்ம்கான் மாதிரியே பேசிக் காட்டுவா. அன்னைக்கு மட்டும்தான் என் வீட்டுல அவ குரல் கேக்கும். இப்ப ரெண்டு பேரும் சும்மா டீயக் குடிச்சிட்டு உக்காந்திருக்கோம். பாட்டுப் போட்டிய அவ எனக்கு எப்பிடிடி சொல்லுவா?"

கேட்டீர்களா? பிஷ்கெக்கில் இருப்பவர்களே, நீங்கள் கேட்டீர்களா? இதை எண்ணிச் சொல்ல உங்களிடம் பெட்டி உண்டா?

உரக்கச் சொல்கிறேன்: பிரிந்து உட்கார மாட்டோம்! மறுபடியும் போவோம், மறுபடியும் கேட்போம், அந்தத் தம்பியின் டீ தீரும்வரை குடிப்போம். அதுவரை? நாளை மாலை பாட்டுப் போட்டி தொடங்கும்போது நம் தெருவில் எல்லா டிவியும் அணைந்திருக்கட்டும், என் வீட்டு டிவியும் சேர்த்து! எல்லோரும் என் வீட்டுக்கு வாருங்கள். உல்கான் அத்தைக்கு வாசலுக்கு நேர் எதிரே, விருந்தாளிக்குரிய மெத்தை. மேற்கொண்டு கதையைக் கனிஷாய் சொல்லட்டும். சொல்வாயா அம்மா?

எழுந்துவிட்டாள்! இத்தனை பெரியவர்கள் எதிரில் தலை குனியாமல் நிற்கிறாள்! சத்தமாகச் சொல் தாயே!

"சொல்றேன்கா. ஆனா நான் சொல்லப்போற முடிவு இங்க இருக்கற ஆம்பளைங்களுக்குப் பிடிக்காது."

ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்டதல்லவா? பிடிக்காதவர்கள் கட்டாயம் வாருங்கள், சண்டைக்கு ஆள் வேண்டும்! இரங்க வந்து எழுந்து நிற்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.