கம்பிச் சட்டத்துல வந்த மூணாவது பேரு

அதுவா? பட்டம் ஒண்ணும் இல்ல மக்கா, ரேடியோவுக்கு உண்டான ஏரியலாக்கும். இரி, இரி. ரோட்ட எட்டி எட்டிப் பாக்காத, பாறசாலை பஸ்ஸு அர மணிக்கூறுக்கு ஒண்ணு உண்டு. சொல்ல வந்தத பெறவு சொல்லலாம்.

ரெண்டு கமுகு வாரிய குறுக்க வச்சிக் கெட்டினேன். எரிஞ்ச மோட்டர்ல இருந்து உரிச்ச கம்பி, நாலு மூலையும் சேத்துப் பதினாலு சுத்து. ரெண்டு முனையையும் பழைய ரேடியோல ஸ்டேஷன் பிடிக்கத் திருகுற கண்டன்சர்ல சேத்தாச்சு. டிரான்சிஸ்டர் ரேடியோவ சட்டத்துக்க நடுவுல வச்சா போரும், ஒயரு ஒண்ணும் மாட்டாண்டாம். குன்னத்துகால் ரேடியோக்கட மோகனன் சொல்லித் தந்தது. நான் நாலாங்கிளாசுல்லா.

ஆனா ஒரு காரியம் அவன் சொல்லல. டிவி ஏரியல் போல முகத்த திருநெல்வேலிப் பக்கம் திருப்பி வச்சேன். வந்தது யாரு? திருவனந்தபுரம்! மலையாளச் செய்தி கூரையப் பிச்சிட்டு வருது. வேலிக்கு அந்தாண்ட நின்னு ஈசாக்கு சிரிக்கான். எலே செல்லசாமி, இதுக்கு ஏரியல் எதுக்கு, காதத் தொறந்து வச்சா போராதான்னு. கோவத்துல ஒரு தட்டு தட்டினேன். சட்டம் கறங்கித் திரும்பிச்சு. திருவனந்தபுரம் வாயடச்சுப் போச்சு, திருநெல்வேலி தெளிஞ்சு வருது! ஸ்டேஷனுக்கு விளிம்பத்தான் காட்டணுமாம். முகத்துக்கு நேர நிக்கவனுக்கு ஒரு சத்தமும் கெடையாது. என் பொண்டாட்டி ஓமனாவப் போல.

மவ லேகா இஷ்டப்பட்டவன் கூட திருநெல்வேலிக்குப் போனப்போ, இனி இந்தப் படி மிதிக்கப்பிடாதுன்னு சொல்லிட்டேன். அன்னையில இருந்து ஓமனா என்னட்ட மிண்டுகதில்ல. மூணு வருஷம். சோறு வைப்பா, மீன்கறி வைப்பா, ஒத்த வார்த்த கெடையாது. சொன்ன வாய நான் எங்க கொண்டு வைக்க?

லேகாவுக்குப் பாட்டு கேட்டுக் கார்டு போடுத பைத்தியம் உண்டு. பாட்டுக்கு முன்ன பேரு வாசிப்பாவல்லா? அதுக்குத்தான் இந்த வித்த. ஞாயிற்றுக்கிழமையானா வாசல்ல நான், அடுக்களைக் கதவுக்குப் பொறத்த ஓமனா. ரெண்டு பேரு வரும்: லேகா, சுந்தரதாஸ். போன ஞாயிறு மூணாவதா ஒண்ணு கூட வந்துது: ஓமனா.

உள்ள இருந்து ஒரு சத்தம். ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வையும்னு. மூணு வருஷத்துல எனக்குக் கெடச்ச மொத வார்த்த!

எதுக்கு எந்திரிக்க, சுந்தரதாசு? உன்ன வாசல்ல கண்டப்பவே தெரியும். லேகாவையும், பாட்டி பேரு வச்ச பச்சப்பிள்ளையையும் ரோட்டு வெயில்ல நிறுத்திட்டா வந்த? இந்தா, கொடையப் பிடி, ஓடு. அடுக்களையில இருந்து கேட்டியா? அது எனக்குக் கெடச்ச ரெண்டாவது வார்த்தையாக்கும். வாய அடச்சிட்டு மருமவன விடுமாம்.