குடும்பப் பாதுகாப்புத் திட்டம்

இலவச ஆன்ட்டிவைரஸை நான் ஒருபோதும் நம்பியதில்லை. காபிப் பொடி பாக்கெட்டோடு இலவசமாக வரும் ஸ்பூன், சூடான காபியில் போட்டதுமே வளைந்துவிடுகிறது. கம்ப்யூட்டருக்கும் அதே கதைதான் என்பது என் அபிப்பிராயம்.

முப்பத்தொரு வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். கோச்சடையில் எங்கள் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, எந்த ஆன்ட்டிவைரஸ் போடுவது என்று மூன்று வாரம் அலசினேன். என் மகள் வர்ஷினிக்குப் பொறுமை இல்லை.

"எதையாவது போடும்மா. எனக்கு அப்ளிகேஷன் அனுப்பணும்" என்றாள்.

நாகமலை புதுக்கோட்டையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, வெளியூர் வேலைகளுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்றாலே அலட்சியம்.

கடைசியில் நான் எடுத்தது குடும்பத் திட்டம். அதில் குடும்பத் தலைவர் என்று ஒருவரைப் பதிய வேண்டும். என் கணவர் சீதாராமன் காலமாகி நான்கு வருடம் ஆகிவிட்டதால் ஸ்யாமளா என்று என் பெயரைப் போட்டேன். வீட்டில் எல்லாருடைய பாஸ்வேர்டுகளையும் அது பத்திரமாகப் பூட்டி வைக்கும். சாவி தலைவரிடம். வேறு எந்தக் கம்பெனியிலும் இந்த வசதி இல்லை.

அவள் மெயிலுக்கு முதல் கடிதம் பெங்களூரிலிருந்து வந்தது. வர்ஷினி குளித்துக்கொண்டிருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குடும்பச் சூழ்நிலை காரணமாக வர இயலவில்லை என்று அவள் பெயரில் மரியாதையாகப் பதில் எழுதிவிட்டு, இரண்டையும் அழித்தேன். அவளைவிட என் இங்கிலீஷ் நன்றாக இருக்கும். பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் என்று பேப்பரில் வந்திருந்தது.

அதன்பின், தெரியாத இடங்களிலிருந்து வரும் கடிதங்கள் முதலில் என் பார்வைக்கு வரும்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். புனே, ஹைதராபாத், ஜெர்மனியில் ஏதோ ஓர் ஊர். மொத்தம் பதினொன்று. ஜெர்மனிக்காரர்கள்தான் விடாமல் மூன்று முறை கேட்டார்கள். மூன்றாவது பதிலைக் கொஞ்சம் கடுமையாக எழுத வேண்டியிருந்தது.

ஒன்றரை வருடத்தில் வர்ஷினி இளைத்துவிட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவாள். "நான் எதுக்குமே லாயக்கில்லம்மா" என்பாள். நான் தலையில் எண்ணெய் வைத்துவிடுவேன். அப்படியே என் மடியில் படுத்துக்கொள்வாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் படுத்ததே இல்லை.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்மணி நேரடியாகப் போன் செய்து, ஏன் மறுத்தாய் என்று வர்ஷினியிடமே கேட்டிருக்கிறாள். நான் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அசோக்குமார் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். யாரோ தன் மெயிலுக்குள் புகுந்துவிட்டார்கள் என்று அவள் கூப்பிட்டிருந்தாள்.

அரைமணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "வெளியாளு யாரும் வரல பாப்பா. பதில் அம்புட்டும் இந்தக் கம்ப்யூட்டர்ல இருந்துதான் போயிருக்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

வர்ஷினி வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நானே அனுப்பிட்டு மறந்துட்டேனாம்மா?"

"இருக்கும்டி கண்ணா" என்றேன். "நாளைக்கே டாக்டரைப் பாத்துடலாம்."

அசோக்குமார் பையை எடுத்துக்கொண்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

கே.கே. நகரில் நல்ல டாக்டர். காலையில் ஒன்று, மாலையில் இரண்டு மாத்திரை. வர்ஷினி இப்போது கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை. ஜெர்மனிக்காரி மட்டும் விடுவதாக இல்லை. நேற்றும் கூப்பிட்டாள், வேலை இன்னும் காலியாக இருக்கிறதாம். பதினொரு கடிதத்துக்கும் பதில் எழுதியது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தான் செய்தது தனக்கே நினைவில்லாத பெண்ணை அவ்வளவு தூரம் எப்படித் தனியாக அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள்.