கழுத்தின் அடியில் ஒரு தேதி

காபி பரவாயில்லை. போலீஸ் ஸ்டேஷன் காபியை வாயில் வைக்க முடியாது என்பார்கள், அப்படியொன்றும் இல்லை.

மேசையில் நீங்கள் வைத்திருக்கும் புகைப்படத்தை வந்ததுமே பார்த்துவிட்டேன், இன்ஸ்பெக்டர் ஓல்வேரா. அதை என் பக்கம் தள்ளித் தள்ளி வைக்க வேண்டாம். கிட்டாரின் கழுத்து உடலோடு சேரும் இடம் அது. நான்கு திருகாணிகளைக் கழற்றினால்தான் கண்ணில் படும். கிட்டாரை ஏலத்துக்கு எடுத்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை, இருபத்தேழு வருடம் கழித்துக் கழற்றிவிட்டான். ஹெச். டி., மார்ச் 19, 1961. ஹார்லன் டிரிக்ஸ். என் கையெழுத்துதான்.

எங்கள் தொழிற்சாலையில் கழுத்தை முடிப்பவன் அதன் அடியில் பென்சிலால் தன் முதலெழுத்துகளையும் தேதியையும் எழுத வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். வேலை கெட்டால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டாமா? எழுதாத கழுத்தை வாங்க மாட்டேன், மேசையிலேயே வீசிவிடுவேன். மரப் பிரிவு மொத்தமும் என்னைத் திட்டிக்கொண்டேதான் எழுதியது.

ரெமிஹியோ அரியேத்தா எனக்குக் கீழே வேலை பார்த்தான். காப்பிஸ்ட்ரானோ ஊர்க்காரன். மார்ச் பத்தொன்பது வந்தால் அவர்கள் ஊர்த் தேவாலயத்துக்குத் தகைவிலான் குருவிகள் திரும்பி வரும், ஊரே திருவிழா கொண்டாடும். ஓல்வேரா என்று மெக்சிகன் பெயர் வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குருவியின் பிளந்த வால் வடிவத்தை அவன் கிட்டாரின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுவந்தான். பின்பக்கம், விலா எலும்பு படியும் இடத்தில், ஒரு குழிவு. அதுவரை நாங்கள் விற்றது வெறும் பலகை, வாசிப்பவனின் விலாவில் குத்தும். இது உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவன் செய்தது என்று சொல்வதால் இப்போது எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அவன் வரைந்த படத்தை முதலாளி பிரெல்லிடம் கொண்டுபோய்க் காட்டியது நான்.

“ஹார்லன், இத்தன வருஷமா இத எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?” என்றார்.

அவராகவே அப்படி நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அத்தனை வருடத்தில் அவர் என் தோளில் கை போட்டது அன்று ஒருநாள்தான். அது எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை ரெமிஹியோ என் மேசைக்கு வந்தான்.

“மேஸ்திரி, காப்புரிமைப் பேப்பர்ல உங்க பேரு போடப் போறாங்களாமே. வரைஞ்சது நீங்களா, நானா?”

“கம்பெனி மரம், கம்பெனி நேரம். உனக்கென்னடா தனியா பேரு?”

“குருவி வாலு எங்கேர்ந்து வந்துச்சுன்னு முதலாளி கேட்டா என்ன சொல்லுவீங்க? வீட்டுக் கோழியப் பாத்து வரைஞ்சேன்னா?”

சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

“திங்கக்கிழம நான் செஞ்ச கிட்டாரோட அவரு ரூமுக்கே போறேன். ஞாயித்துக்கிழம வந்து பெயிண்ட் அடிச்சு முடிச்சிருவேன்.”

“திருவிழாவுக்குப் போகல?”

“குருவி அடுத்த வருஷமும் வரும், மேஸ்திரி.”

அவனை வெறுத்தேன். அதை மறைத்துப் பேசும் வயதை எப்போதோ தாண்டிவிட்டேன். அந்த ஆட்களின் சிரிப்போடு இன்னொரு வாரம் என்னால் வேலை பார்த்திருக்க முடியாது.

ஞாயிறு, மார்ச் பத்தொன்பது, காலை பத்து மணிக்குப் போனேன். அவன் மட்டும்தான் இருந்தான், பெயிண்ட் அறைக்குள். அதற்கு ஜன்னல் கிடையாது. கனத்த இரும்புக் கதவு, மூச்சை அடைக்கும் தின்னர் நெடியை வெளியே தள்ள ஒரு ஃபேன். கதவை வெளியே தாழிட்டேன். அந்த அறையின் ஃபியூஸைப் பிடுங்கினேன். விளக்கும் ஃபேனும் நின்றன. இருட்டில் அவன் தின்னர் டின்னைத் தட்டிவிட்டிருக்கிறான். அது அவனே செய்துகொண்டது. அவன்மேல் நான் ஒரு விரல்கூட வைக்கவில்லை.

அவன் கிட்டாரின் கழுத்து வெளியே மேசையில் கிடந்தது. அடியில் ஆர். ஏ. என்று எழுதியிருந்தான். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவன் சற்று நிறுத்தினான்.

“மேஸ்திரி, நீங்கதானே? உங்க தேய்ப்பு எனக்குத் தெரியும். ஃபேன் நின்னுருச்சு. கதவத் திறங்க.”

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, குரல் தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

“பேர நீங்களே வச்சுக்கங்க, மேஸ்திரி. எனக்கு வேணாம்.”

அப்போதாவது திறந்திருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. வேலை பாதியில் இருந்தது. பாதியில் விட்டுவிட்டு மறுபடி தொட்டால் தேய்ப்பு சமமாக வராது. ஒரு கழுத்துக்கு இருபது நிமிடம் பிடிக்கும். தட்டும் சத்தம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. தேய்த்த இடத்தில் என் எழுத்துகளையும் அன்றைய தேதியையும் போட்டேன். அப்புறமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அவசரப்படவில்லை.

பிறகு தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, எரிந்துபோன பழைய ஃபியூஸ் ஒன்றை மாட்டினேன். விபத்து என்று உங்கள் ஆட்களே எழுதினார்கள். அன்று முழுக்க நான் மனைவியோடு காப்பிஸ்ட்ரானோவில் குருவி பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள். அவள் போய்ப் பதினொரு வருடமாகிறது. திங்கட்கிழமை அந்தக் கிட்டாருக்குக் கழுத்தை நானே பூட்டினேன். பெயிண்ட் ஒரு இடத்திலும் வழியவில்லை. நல்ல கை அவனுக்கு. அந்த வால் உலகமெல்லாம் என் பெயரில் விற்றது.

சாய்வாக வெளிச்சம் அடித்தால் என் எழுத்துக்கு அடியில் அவன் எழுத்தின் தடம் தெரிகிறது என்கிறீர்கள். தெரியலாம். எப்போதும் அழுத்தித்தான் எழுதுவான், பலமுறை திட்டியிருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ரெமிஹியோ அரியேத்தாவைக் கொன்றது நான்தான், தெரிந்தே செய்தேன். வேறு தேதி போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். உங்களுக்கு எங்கள் வேலை தெரியாது, அதனால் கேட்கிறீர்கள். எத்தனையோ ஆயிரம் கழுத்துகள் என் கையால் போயிருக்கின்றன, இன்ஸ்பெக்டர். ஒன்றில்கூட நான் பொய் எழுதியதில்லை.