பன்னிரண்டாவது திருத்தம்

— உக்காருடி முத்தமிழ். கட்டில் மேல கெடக்கற துணியைத் தள்ளிட்டு உக்காரு. நாளான்னிக்கு பெங்களூர் கெளம்பணும், ஒரு பொட்டிகூட இன்னும் கட்டி முடியல. ஏன் நின்னுகிட்டே இருக்க?

— நான் உக்கார வரல பாரதி. இந்தப் பேப்பரைப் படிச்சுச் சொல்லு.

— என்ன பேப்பர்?

— மெயிலு. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுகிட்ட பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்தேன். அந்த லைப்ரரி ஆளுங்க எனக்குப் போட்ட பதிலு.

— நீ அவங்களுக்கு எழுதினியா? எப்ப? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

— சொல்லணுமா?

— அதுக்கில்லடி. இங்கிலீஷ்ல எழுதறதுன்னா நான் பாத்துக் குடுத்திருப்பேன்ல. வழக்கமா நான்தானே...

— வழக்கமா நீதான். படி. தமிழ்லயே சொல்லு.

— 'நீங்க சொல்ற பதினோரு திருத்தத்தையும் செஞ்சவங்க பாரதிப்ரியா. அடுத்தவங்க வேலையை உங்களோடதுன்னு...' சரி, சரி. வெள்ளக்காரன் ஏதோ புரியாம எழுதியிருக்கான்டி.

— முழுசாப் படி.

— '...உங்களோடதுன்னு சொல்லிக்கிட்டு இங்க வராதீங்க. உங்க மெயிலை எங்க குழுவுலேருந்து எடுத்துட்டோம்.'

— அந்தக் குழுவுல எத்தனை பேரு இருப்பாங்க?

— முத்தமிழ், இரு...

— எத்தனை பேரு?

— நானூறு பேரு இருக்கும்.

— நானூறு பேரு முன்னாடி நான் திருடி.

— மெதுவாப் பேசுடி. அம்மா வருது.

— யாரு, முத்தமிழா? குரலு கேட்டுச்சேன்னு வந்தேன். கருக்களாச்சேரிலேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்தியாக்கும்? வெயில்ல மூஞ்சி எப்படிக் கறுத்துப் போச்சு, பாத்துக்க. காப்பி போடட்டா?

— வேணாங்கம்மா.

— இவ சேதி தெரியும்ல? கடல்ல அலை எவ்வளவுன்னு சொல்ற ஏதோ லைப்ரரியாம். அதுல இருந்த தப்பை இவ திருத்திட்டாளாம். அதைப் பாத்துட்டுத்தான் பெங்களூர்காரன் கூப்பிட்டு வேலை குடுத்திருக்கான், பாத்துக்க. லைப்ரரின்னா புஸ்தகம் இருக்கும்னுல்ல நான் நெனச்சேன்.

— அம்மா, நீ உள்ள போயேன்.

— ஏண்டி வெரட்டற? அவளும் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர்லதானே இருக்கா, அவ சொல்லட்டும். புஸ்தகம் இல்லாம அது என்னம்மா லைப்ரரி?

— அது ஒரு புரோகிராமுங்கம்மா. உலகத்துல யாரு வேணா எடுத்து அவங்க புரோகிராமுக்குள்ள சேத்துக்கலாம்னு பொதுவா எழுதி வெச்சிருக்காங்க. தப்பு இருந்தா யாரு வேணா திருத்தி அனுப்பலாம். சுனாமிக்கு அப்புறம் எங்க ஊருல சென்டர் வெச்சாங்கல்ல, தெனம் காலைல மைக்குல அலை எத்தனை அடின்னு நான் படிக்கறேன்ல, அந்தக் கணக்கு அதுலேருந்துதான் வருது.

— அதுல என்ன தப்பு இருந்துச்சு?

— கடலைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு வெச்சிருப்பாங்க. நம்ம கரைக்குக் கிட்ட இருக்கற கட்டம் தரையில விழுந்துடுச்சு. தரைக்கு ஏதும்மா அலை? அதனால அலை சைபர்னு காட்டிடும். ஒரு நாளு சைபர்னு மைக்குல படிச்சது நான்தான். அதைக் கேட்டுட்டு எங்கப்பா போட்டை எடுத்துகிட்டு மீன் புடிக்கப் போனாரு. முகத்துவாரத்துலயே போட்டு கவுந்துடுச்சு.

— ஆமா, உங்கப்பன் அரசப்பனுக்குக் கையி ஒடைஞ்சுச்சே அப்பவா?

— அப்பத்தாங்கம்மா. கூடப் போன செல்லக்கண்ணு மாமாவுக்கு இன்னும் இடுப்பு சரியாகல.

— அடப்பாவமே. அப்ப இவ திருத்தினது உங்க ஊருக்குத்தான் பெரிய ஒத்தாசை. உனக்கும் ஏதாச்சும் சொல்லிக் குடுத்தாளா?

— கம்ப்யூட்டரைத் தயார் பண்ணிக் குடுத்தா.

— நல்ல கூட்டாளி, பாத்துக்க. எங்க போனாலும் விட்டுடாத. இரு, காப்பி கொண்டாறேன், வேணாம்னு சொல்லாத.

— ...ஏண்டி அம்மாகிட்ட சொல்லல?

— நீ சொல்லுவன்னு நின்னேன்.

— கேளுடி. சத்தியமா மொதல்ல எனக்கு எந்த எண்ணமும் கெடையாது. ரெண்டு ஞாயித்துக்கிழமை உங்க சென்டர்ல உக்காந்தோமே, நெனச்சுப் பாரு. லினக்ஸ் சீடி பாதியில நின்னுச்சு. வேற சீடி தேடிக் காரைக்கால் பூரா அலைஞ்சேன். எழுதின புரோகிராமை ஓட வைக்கற கம்பைலரைப் போட்டா அது இன்னொண்ணைக் கேக்குது, அதைப் போட்டா அது வேற ஒண்ணைக் கேக்குது. எல்லாத்தையும் பிரவுசிங் சென்டர்ல எறக்கிக் கொண்டாந்து போட்டா, பாதி ஓடறப்ப கரண்டு போவுது. மூணு தடவ. உங்கம்மா மீன்கொழம்பும் சோறும் கொண்டாந்து வெச்சுட்டு, 'இன்னுமா பொறக்கல?'ன்னு கேட்டாங்க. கடைசியில ஒரு தப்பும் இல்லாம ஓடி முடிஞ்சப்ப நீ அழுத.

— அழுதேன்.

— அப்பத்தான் கம்ப்யூட்டரு நம்மகிட்ட பேரு கேட்டுச்சு. திருத்தறவங்க பேரும் மெயிலும். உனக்கு அன்னிக்கு மெயிலே கெடையாது. கீபோர்டு என் கையில இருந்துச்சு, என் பேரைப் போட்டேன். அவ்வளவுதான்டி.

— அவ்வளவு இல்ல. நான் மொத திருத்தம் முடிச்சதும் திரையில உன் பேரு வந்துச்சு. இது என்னடின்னு கேட்டேன். என்ன சொன்ன?

— ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. 'அது மெஷினைத் தயார் பண்ணவங்க பேரு, அனுப்பறப்ப உன் பேர்லதான் போவும்'ன. நானும் சரின்னுட்டேன். நீ பி.டெக். நான் டிப்ளமோ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஏழு மாசம், வாரா வாரம் நீ வந்து வாங்கிட்டுப் போவ. 'அனுப்பிட்டேன், ஏத்துக்கிட்டாங்க, பிரமாதம்னு எழுதியிருக்காங்க'ம்ப. அவங்க எழுதினதைத் தமிழ்ல வேற சொல்லுவ. நான் அதை வீட்டுல போயி அப்பாகிட்ட சொல்லுவேன்.

— அதெல்லாம் அவங்க நெஜமா எழுதினதுதான்டி.

— ஆமா. உனக்கு எழுதினது. அவங்க வெப்சைட்ல பதினொண்ணுலயும் உன் பேரைப் பாத்தப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, அதான் எழுதினேன்.

— என் நெலமையையும் பாரேன். கேம்பஸ்ல வேலை கெடைச்சுச்சுன்னு எங்கப்பா கோட்டுச்சேரி பூரா சொல்லிட்டாரு. அமெரிக்காவுல பேங்க் விழுந்துச்சு, இங்க என் ஆர்டர் நின்னு போச்சு. சேர வேண்டிய தேதி பின்னால சொல்றோம்னு ஒரு மெயிலு. அதோட பதினாலு மாசம். பொண்ணு பாக்க வந்தவங்க, வேலையே கெடைச்சிருக்காது, கதை உடறாங்கன்னு எங்க காதுபடவே பேசிட்டுப் போனாங்க. அப்பா என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டாரு. அந்த நேரம் பாத்து மொத மெயில் வந்துச்சு. என் பேரைப் போட்டு, நல்லா செஞ்சிருக்கீங்கன்னு. அதை எத்தனை தடவ படிச்சேன் தெரியுமா? நான் செய்யலன்னு தெரிஞ்சும் படிச்சேன். நாளைக்குச் சரி பண்ணிடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் அடுத்த திருத்தம் வந்துடுச்சு. அப்புறம் பெங்களூர்லேருந்து எழுதினாங்க.

— இண்டர்வியூல என்ன கேட்டாங்க?

— எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு.

— என்ன சொன்ன?

— அது எதுக்குடி இப்ப?

— சொல்லு. நான் அதைத்தான் கேக்கணும்னு பஸ்ல நெனச்சுகிட்டே வந்தேன்.

— எங்கப்பா போட்டு கவுந்துச்சுன்னு சொன்னேன்.

— உங்கப்பா வேளாண்மை ஆபீஸ்ல கிளார்க்கு.

— தெரியும்டி. வாயில வந்துடுச்சு. என்னை அடி வேணா, வாங்கிக்கறேன்.

— வேலை வேணும்னு நேரா கேட்டிருந்தா, பாதியை எடுத்துக்கடின்னிருப்பேன் பாரதி. ரெண்டு பேரு பேரும் போடலாமாம், இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கு வழி இருக்குதாம்.

— போடறேன். இப்பவும் போடலாம். நான் பெங்களூர் போயி, ஒரு மூணு மாசம், வேலை உறுதியாகட்டும். அப்புறம் நானே அவங்களுக்கு எழுதறேன். பேரு மாறிப் போச்சு, முத்தமிழ்னு ஒருத்தி இருக்கான்னு. அவங்க மேலயும் தப்பு இல்ல, அவங்களுக்கு எப்படித் தெரியும்? என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பேன்.

— கேட்டிருந்தா சொல்லியிருப்ப.

— சத்தியமா.

— பேப்பரைத் திருப்பு. ரெண்டாவது பக்கம்.

— இதுல என்ன?

— அவங்க பதிலுக்கு அடியிலயே ஒட்டி அனுப்பியிருக்காங்க. ஒம்பதாந்தேதி உன்னைக் கேட்டிருக்காங்க. அன்னிக்கே நீ பதில் எழுதியிருக்க. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. அகராதி வெச்சுப் பாத்தேன். தப்பா பாத்துட்டேனோன்னு திரும்பவும் மொதல்லேருந்து பாத்தேன். நீ படி.

— வேணாம்டி.

— அப்ப நான் சொல்றேன். 'அந்தப் பெண் எங்கள் சென்டரைக் கூட்டிப் பெருக்குகிறவள். நான் வேலை செய்யும்போது பின்னால் நின்று பார்ப்பாள். புரோகிராம் எழுதத் தெரியாது. பாவம், அவள் மேல் கோபப்படாதீர்கள்.' சரியாச் சொன்னேனா?

— முத்தமிழ்...

— கூட்டறது நெஜம்தான். சென்டருக்கு வேற ஆளு கெடையாது, நான்தான் கூட்டறேன், நான்தான் தண்ணி தெளிக்கறேன். அதை எழுதினதுகூடப் பரவால்ல. 'பாவம்'னு எழுதியிருக்க பாரு. எங்கம்மா போட்ட சோத்தைத் தின்ன கையால அதை எப்படி எழுதின?

— பயந்துட்டேன்டி. பெங்களூர்காரனும் அந்தக் குழுவுல இருக்கான். அவன் அதைப் படிச்சா என் வேலை போயிடும். உன்னைத் திட்டாம இருக்கணும்னுதான் அந்தக் கடைசி வரியை எழுதினேன், சத்தியமா.

— அது சரி.

— அப்படிப் பாக்காத. திட்டித் தொலை. இரு, போயிடாத. இப்பவே எழுதறேன். உன் கண்ணு முன்னாடியே எழுதறேன். எல்லாம் முத்தமிழ் செஞ்சது, நான் பொய் சொன்னேன்னு. வேலை போனா போவட்டும். அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லிடறேன். பொட்டியெல்லாம் பிரிச்சுடறேன். இந்தா, பெங்களூருக்குன்னு வாங்கின லேப்டாப்ல நெட்டைப் போட்டு மெயிலைத் தெறந்துட்டேன் பாரு. உன் பேரை இங்கிலீஷ்ல எப்படிடி எழுதுவ?

— எழுதாத.

— ஏன்?

— நான் சண்டை போட வரலை. அதுக்குன்னா நேத்தே வந்திருப்பேன். இந்தப் பென் டிரைவைக் குடுக்க வந்தேன்.

— என்ன இருக்கு இதுல?

— கடைசியா நீ வாங்கிட்டுப் போனியே பதினோராவது திருத்தம், அதுல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.

— நீயா?

— தரையில விழுந்தா பக்கத்துல இருக்கற கடல் கட்டத்தை எடுத்துக்கன்னு எழுதினேன்ல. நம்ம கரைக்கு அது சரியா வருது. முந்தாநாளு கோடியக்கரைக்குப் போட்டுப் பாத்தேன். அங்க தரை மொனையா நீட்டிகிட்டு இருக்குல்ல, அது மொனைக்கு அந்தாண்ட இருக்கற கடலை எடுத்துக்குது. அந்தாண்ட தண்ணி அமைதியா கெடக்கும். இந்தாண்ட எட்டடி அலை அடிக்கறப்ப ரெண்டடின்னு காட்டுது. சைபர்னா கூட யாராச்சும் சந்தேகப்படுவாங்க. ரெண்டடின்னா நம்பிப் போயிடுவாங்க.

— ஐயோ. அவங்ககிட்ட சொன்னியா?

— நேத்து நாலு தடவ எழுதினேன். என் மெயிலு உள்ளயே போவல, திரும்பி வந்துடுது. திங்கக்கிழமை புது வெளியீடாம். நாப்பது ஊரு சென்டர்ல அதை ஏத்திக்குவாங்க. இன்னிக்குச் சனி.

— அதான் நான் எழுதறேங்கறேனே. உண்மையைச் சொல்லிட்டு, கூடவே இதையும் அனுப்பிடறேன். பன்னெண்டாவதா இது உன் பேர்லயே போவட்டும்.

— யோசிச்சுப் பாரு. பொய் சொன்னேன்னு நீ எழுதினா உன்னையும் தள்ளி வெச்சிடுவாங்க. யாரு செஞ்சது, எது நெஜம்னு விசாரிக்காம எதையும் தொட மாட்டாங்க. பதினொண்ணையும் எடுத்துட்டாங்கன்னா மத்த ஊருல திரும்பவும் சைபர்னு படிப்பாங்க. எடுக்காம விட்டாங்கன்னா இந்தத் தப்போடயே வெளியிடுவாங்க. ரெண்டுல எது ஆனாலும் யாரோ ஒருத்தரு போட்டுதான் கவுழும்.

— அப்ப திங்கக்கிழமைக்கு அப்புறம் சொல்லிடறேன்.

— செவ்வாக்கிழமை நீ பெங்களூர்ல இருப்ப. நீ சொல்லுவன்னு நான் இனிமே நம்ப மாட்டேன். அதை விடு.

— என்னால முடியலடி. இதைத் தெறந்து பாத்தா எனக்கு ஒரு வரிகூடப் புரியல. அவங்க ஏதாச்சும் கேட்டா?

— கேட்டா சென்டருக்குப் போன் பண்ணு. நான் சொல்றேன், நீ எழுது. எப்பவும் போலத்தான்.

— இவ்வளவுக்கு அப்புறமும் உன் வேலையை என் பேர்ல அனுப்பச் சொல்றியா? நான் எப்படிடி அனுப்புவேன்?

— அனுப்பு பாரதி. நான் எழுதினா குப்பைக்குப் போவுது. இப்போதைக்கு அவங்க நம்பறது உன் பேரைத்தான்.