தாத்தாவின் வேதாகமம் விரிந்த பக்கம்

பழைய புத்தகத்தைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்ற வசம்பை விட்டால் வேறு மருந்து கிடையாது, ஐயா. பாகலூர் ரோட்டு நாட்டுமருந்துக் கடையில் வாங்கித் துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டுவைப்பேன். எங்கள் தாத்தா நாசரேத்தில் உபதேசியாராக இருந்தவர். அவருடைய வேதாகமத்தை ஓசூருக்குக் கொண்டுவந்தவளே நான்தான். ஓரமெல்லாம் அவர் கையெழுத்து: யார் பிறந்தார், யாருக்குக் காய்ச்சல் விட்டது, எந்த வசனத்தால் மனம் தேறியது என்று.

என் தம்பி ஞானதுரை சிப்காட்டில் சூப்பர்வைசர். பெரிய காரியம் எதுவானாலும் ஜெபம் பண்ணி, கண்ணை மூடி அந்தப் புத்தகத்தைத் திறந்து விரல் வைப்பான். விரல் படும் வசனம்தான் எங்களுக்கு உத்தரவு. புளோராவைக் கட்டியதும் அப்படித்தான். இந்த வழக்கம் சரியில்லை என்று நீங்கள்கூடப் பிரசங்கத்தில் சொன்னீர்கள். சொன்னால் கேட்கிறவனா அவன்.

2006 மழைக்காலத்தில் புளோராவுக்கு மார்பில் கட்டி கண்டது. உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்று பெங்களூர் டாக்டர் சொன்னார். நான் நல்லபடியாகத்தான் கவனித்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், தலை வாரிவிட்டேன். ஒரு மத்தியானம் அவள் தம்பியிடம் பேசியது காதில் விழுந்தது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் எங்கம்மா கிருஷ்ணகிரியில இருந்து வந்து இங்கயே இருக்கட்டுங்க. அண்ணி பாவம், எவ்ளோ நாளைக்குத்தான் அடுப்படியில கெடப்பாங்க? ஊருக்குப் போயி நிம்மதியா இருக்கட்டும்."

பாவம் என்றுதான் சொன்னாள். ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? கல்யாணமே வேண்டாமென்று தம்பியைப் படிக்கவைத்தவள் நான். அந்த அடுப்படி ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

ஆசா ராஜா வியாதிப்பட்டபோது கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடி, செத்துப்போன இடம் ஒன்று உண்டே. அதை விரித்து, அம்மிக்குழவியை மேலே ஏற்றிவைத்தேன். அந்த வாரம் முழுக்கத் தம்பி வேலைக்குப் போனதும் இதே வேலை. பழைய தையல், சீக்கிரம் படிந்துவிட்டது; எப்படித் திறந்தாலும் அந்தப் பக்கமே விரிந்தது. மையில் டீத்தண்ணீர் கலந்து, ஓரத்தில் தாத்தாவின் எழுத்திலேயே, "இதை நம் வீட்டார் மறவாதிருக்கக்கடவர்கள்" என்று எழுதினேன்.

ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டு ஞாயிறு காலை தம்பி திறந்தான். விரல் நாலு வரி தள்ளித்தான் பட்டது. ஆனாலும் ஓரத்து எழுத்து கண்ணில் பட்டுவிட்டது. வாசித்துவிட்டு அழுதான். புளோராதான் அவனைத் தேற்றினாள்.

"தாத்தாவே எழுதி வெச்சிருக்காருங்களே. ஆபரேஷன் வேணாங்க, கர்த்தர் பார்த்துக்குவாரு. அண்ணி, நீங்க எனக்காக ஜெபம் பண்ணுங்க."

பண்ணினேன் ஐயா, முழங்கால் தேயப் பண்ணினேன். கட்டி உடைந்த பிறகும் அவள் வாய்விட்டுக் கத்தியதில்லை. கத்தினால் விசுவாசம் குறைந்துபோகும் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் அடக்கம் பண்ணினோம். நீங்கள்தான் வந்து ஜெபித்தீர்கள்.

நான் கொன்றேன் என்று எப்படிச் சொல்வது? புத்தகத்தை விரித்துவைத்தேன், அவ்வளவுதான். அவள் பிழைக்கட்டும் என்று கர்த்தர் நினைத்திருந்தால் வேறு பக்கம் காட்டியிருக்க மாட்டாரா?

இப்போது தம்பிக்கு ஒரு டீச்சரைப் பார்த்திருக்கிறார்கள். தங்கமான பெண் என்கிறார்கள். கட்டலாமா வேண்டாமா என்று வருகிற ஞாயிறு புத்தகத்தைத் திறந்து கேட்கப்போகிறான். கர்த்தர் என்ன சொல்வார் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.